கடிக்கும் நாயும் அதைக் கடிக்க வைக்கும் வளர்ப்பும்

2024 மே 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. மகளைக் காப்பாற்றப் பாய்ந்த தாயும் கடிபட்டார். தலையில் ஏற்பட்ட ஆழமான காயத்துக்காக அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நாய்களை வளர்த்தவர் கைது செய்யப்பட்டார். அடுத்த சில நாள்களுக்குத் தொலைக்காட்சி விவாதங்களிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டு குரல்கள்தான் மாறி மாறிக் கேட்டன. ராட்வைலர், பிட்புல் போன்ற நாய்கள் பிறவியிலேயே கொடூரமானவை, அவற்றை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றது ஒரு குரல். எந்த நாயும் கெட்ட நாயாகப் பிறப்பதில்லை, குற்றம் முழுக்க முழுக்க வளர்த்தவருடையது என்றது மற்றொன்று.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கைச் சிக்கலாக்குகிறது. ஒரு நாய் கடிக்குமா என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் வளர்ப்பிலும், அந்த நேரத்துச் சூழலிலும், அந்தத் தனி நாயின் இயல்பிலும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் நாயின் உடலிலும், தலைமுறை தலைமுறையாக எந்த வேலைக்காக அந்த இனம் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது என்பதிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் அதே வாக்குவாதம் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

சென்னைச் சம்பவத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, 2024 மார்ச் 12 அன்று, மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ அனுமதிக்கக் கூடாது என்றும், ஏற்கெனவே வீடுகளில் வளர்ப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தவர்களுக்கே அதன் பலவீனம் தெரிந்துவிடும். தோசா என்ற ஒரே ஜப்பானிய இனம் இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் வந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சொல்லாமல் ‘டெரியர்கள்’ என்று பொதுவாகவே ஒரு பெயர் இருந்தது. மடியில் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியரும் பிட்புல் டெரியரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் என்பதை எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்து இந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுத்தது சரியல்ல என்பதே முக்கியக் காரணம். சென்னைச் சம்பவத்தின் பரபரப்பில் தமிழ்நாடு அரசின் கால்நடைத் துறையும் இதே 23 இனங்களுக்குத் தடை அறிவித்து, உடனடியாக அதை நிறுத்தி வைத்தது.

பட்டியல் அவசரமாக எழுதப்பட்டது என்பதால் இனத்துக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. நாய் இனங்கள் என்பவை இயற்கை தானாகத் தந்தவை அல்ல. மனிதன் தனக்குத் தேவைப்பட்ட வேலைக்காக வடித்தெடுத்தவை. பார்டர் கோலி குட்டியை யாரும் பழக்காமலே அது ஆட்டுக்குட்டியை, ஆடு இல்லாவிட்டால் வீட்டுக் குழந்தைகளை, வளைத்து வளைத்துச் சுற்றிவரும். பாயிண்டர் குட்டி பறவையைக் கண்டதும் காலைத் தூக்கி உறைந்து நிற்கும். இவற்றை இரத்தத்தில் வந்த குணம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், சண்டைக்காகவே பல தலைமுறைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களில் மட்டும் எதுவும் இறங்கவில்லை என்று சொல்வது பொருந்தாது.

பிட்புல்லின் முன்னோர்களுடைய வரலாறு நன்றாகப் பதிவானது. இங்கிலாந்தில் கட்டிவைத்த காளையின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1835இல் சட்டம் அதைத் தடை செய்தபோது, சூதாட்டக்காரர்கள் மறைவான குழிகளில் நாயோடு நாயை மோதவிடும் ஆட்டத்துக்கு மாறினார்கள். அதற்காகப் புல்டாக்கின் பிடியையும் டெரியரின் வேகத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினங்களே அமெரிக்கா சென்று, 1898இல் அமெரிக்கன் பிட்புல் டெரியர் என்று பதிவு செய்யப்பட்டன. இந்தத் தேர்வில் மதிக்கப்பட்ட குணங்கள் இரண்டு. வலித்தாலும் பின்வாங்காத பிடிவாதம் ஒன்று; கவ்வினால் விடாமல் உலுக்கும் பழக்கம் மற்றொன்று. பிட்புல்லின் தாடையில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்மையல்ல. அதன் எலும்பிலும் தசையிலும் அப்படி எந்தப் பூட்டும் கிடையாது. விடாமல் பிடிப்பது தாடையின் அமைப்பால் வருவதல்ல, வடித்தெடுக்கப்பட்ட பழக்கத்தால் வருவது. ஒரே கடியோடு விலகிவிடும் நாய்க்கும், கவ்வியதை விடாத நாய்க்கும் இடையே உள்ள தூரம் பல நேரங்களில் நான்கைந்து தையலுக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள தூரமாக இருக்கிறது.

மற்ற இனங்களின் கதை வேறு. துருக்கியின் கங்கல் நாய் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்க வளர்க்கப்பட்டது; மேய்ப்பன் அருகில் இல்லாதபோதும் யாரை நெருங்க விடலாம் என்று தானே முடிவெடுப்பதுதான் அதன் வேலை. ராட்வைலர் ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களின் மாட்டை ஓட்டவும் காவல் காக்கவும் பயன்பட்டது. நம்முடைய ராஜபாளையம், கோம்பை நாய்களும் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்றவைதாம். ஒரே ஆளுக்குக் கட்டுப்படும், புது ஆளைப் பக்கத்தில் விடாது என்பதை அவற்றின் பெருமையாகவே தென் மாவட்டங்களில் சொல்வார்கள். தோட்டத்தில் பெருமையாக இருக்கும் அதே குணம், அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஏறும்போது பெருமையாக இருக்காது.

குணம் இரத்தத்தில் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாயிடமிருந்து வராமல் நரியிடமிருந்து வந்தது. சோவியத் அறிவியலாளர் திமித்ரி பெல்யாயெவ், நோவோசிபிர்ஸ்க் அருகே ஓர் ஆய்வுப் பண்ணையில் 1959இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். வெள்ளி நரிகளில் மனிதனைக் கண்டு குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். ஒருசில தலைமுறைகளிலேயே மனிதனைக் கண்டால் வாலை ஆட்டி, கையை நக்கும் நரிகள் பிறந்தன. அதே பண்ணையில், மனிதனைக் கண்டால் சீறும் நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்த இன்னொரு வரிசை மேலும் மேலும் மூர்க்கமானது. சீறும் தாய்க்குப் பிறந்த குட்டியைச் சாந்தமான தாய் வளர்த்தாலும் அது சீறவே செய்தது. வளர்ப்புதான் எல்லாம் என்று சொல்கிறவர்கள் இந்த நரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் இதிலிருந்து நேராகப் பட்டியலுக்குத் தாவுவதற்குள் இன்னொரு ஆய்வைப் பார்க்க வேண்டும். 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் விவரம் கேட்டு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. சொன்னதைக் கேட்கும் தன்மை போன்ற சிலவற்றில் இனத்தின் சாயல் ஓரளவு தெரிந்தது. எவ்வளவு சீண்டினால் சினம் வரும் என்பதில் இனம் பெரும்பாலும் எதையும் சொல்லவில்லை. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 101 இனங்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வோ, இனங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால் அந்நியர் மீதான ஆக்ரோஷத்தில் மரபணுவின் பங்கு கணிசமானது என்று காட்டியது.

முரண்போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வால்பாறையின் சராசரி மழை ராமநாதபுரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இன்று மாலை நான்கு மணிக்கு வால்பாறையில் குடை வேண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. இனம் என்பது சராசரியைப் பற்றிய செய்தி; நம் வாசலில் நிற்பதோ தனியொரு நாய்.

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆறு வயதுச் சிறுவனை நாய்கள் கடித்துக் கொன்ற பிறகு, ஜெர்மனி முழுவதும் ஆபத்தான இனங்களின் பட்டியல்கள் வந்தன. பட்டியலில் இருந்த நாய்களை வளர்க்க வேண்டுமானால் ஒரு குணப் பரிசோதனையில் அவை தேற வேண்டும் என்று லோயர் சாக்சனி விதித்தது. அந்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 415 நாய்களில் 95 விழுக்காடு, சூழலுக்கு ஏற்ற முறையில்தான் நடந்துகொண்டன. அதே பரிசோதனையை, சாதுவானவை என்று ஊரே சான்று கொடுக்கும் கோல்டன் ரெட்ரீவர் நாய்கள் 70க்கும் நடத்தியபோது, இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்லாந்தில் ஏறத்தாழ 9,000 நாய்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், ஆக்ரோஷம் அதிகம் என்று முன்னால் நின்றவை ராட்வைலரோ பிட்புல்லோ அல்ல. நீண்ட முடியுள்ள கோலி இனம். அச்ச சுபாவமுள்ளவை, சிறிய உடலுள்ளவை, ஆண் நாய்கள், வயதானவை, உரிமையாளர் முதன்முதலாக வளர்த்த நாய்கள் ஆகியவற்றிடம் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது. சிவாவா, டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டை நாய்கள் எளிதில் கடிக்கும் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு அனுபவத்திலேயே தெரியும். மூன்று கிலோ நாய் கடித்தால் டெட்டால் தடவிவிட்டுப் போகிறோம். ஐம்பது கிலோ நாய் அதே கோபத்தோடு அதே கடியைக் கடித்தால் செய்தி ஆகிறது.

எண்களை வைத்து வாதிடுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது அமெரிக்கப் புள்ளிவிவரங்களை. 1979 முதல் 1998 வரை நாய்கள் கடித்து இறந்தவர்கள் பற்றிய ஆய்வு, இனம் தெரிந்த மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிட்புல் வகையும் ராட்வைலரும் சம்பந்தப்பட்டிருந்ததாகச் சொன்னது. இது அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. ஆனால் அதே ஆய்வாளர்கள், நாட்டில் ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்பது தெரியாததால் இதை வைத்து இனத்துக்கு இவ்வளவு ஆபத்து என்று கணக்கிட முடியாது என்றும் எழுதினார்கள். இன்னொரு சிக்கல், நாயின் இனத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வது நாம் நினைப்பதைவிடக் கடினம். காப்பகங்களில் வேலை செய்கிறவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் கொண்டு 120 நாய்களை இனம் காணச் சொல்லி மரபணுவோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பிட்புல் வகை என்று அடையாளம் காட்டப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி நாய்களிடம் அந்த மரபே இல்லை.

என் பார்வையில், இந்த விவகாரத்தில் வந்த ஆய்வுகளிலேயே மிகவும் பயனுள்ளது 2013இல் வெளியான ஒன்று. 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் நாய்களால் ஏற்பட்ட 256 மரணங்களையும் காவல்துறை விசாரணை அளவுக்கு விரிவாக அது ஆராய்ந்தது. இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 விழுக்காட்டுக்கும் குறைவான வழக்குகளில்தான். ஆனால் வேறு சில விவரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 87 விழுக்காட்டு மரணங்களில், இடையே புகுந்து தடுக்கக்கூடிய ஆள் யாரும் அருகில் இல்லை. 85 விழுக்காட்டில் இறந்தவருக்கும் நாய்க்கும் நெருங்கிய பழக்கம் இல்லை. 84 விழுக்காட்டில் நாய்க்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கவில்லை. 77 விழுக்காட்டில் இறந்தவர் குழந்தையாகவோ, முதியவராகவோ, வேறு காரணத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவராகவோ இருந்தார். 76 விழுக்காட்டில் அந்த நாய் குடும்பத்தோடு பழகாமல், சங்கிலியிலோ கூண்டிலோ வெளிமுற்றத்திலோ தனியாக வைக்கப்பட்டிருந்தது. இத்தகைய காரணிகளில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்தவை 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆயிரம் விளக்குப் பூங்காவை இந்த வரிசையின் அருகே வைத்துப் பாருங்கள். இரவு நேரம், பழக்கமில்லாத சிறு குழந்தை, கயிறும் வாய்மூடியும் இல்லாத இரண்டு பெரிய நாய்கள், இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஒன்றைச் சரிசெய்திருந்தாலும் அன்றைய இரவு வேறுமாதிரி முடிந்திருக்கக்கூடும்.

வளர்ப்பு என்று நாம் போகிற போக்கில் சொல்லிவிடும் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கடந்த நூற்றாண்டின் நடுவில் செய்த நீண்ட ஆய்வுகளிலிருந்து ஒன்று தெளிவானது. நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை உலகத்தைத் தெரிந்துகொள்ளும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அது பார்க்கும் மனிதர்கள், குழந்தைகள், குடை பிடித்தவர், தொப்பி போட்டவர், ஆட்டோ, பட்டாசுச் சத்தம், பிற நாய்கள் எல்லாம் அதற்கு ‘பயப்படத் தேவையில்லாதவை’ என்ற பட்டியலில் சேர்கின்றன. பார்க்காமல் விட்டவை பிற்காலத்தில் சந்தேகத்துக்குரியவை ஆகின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் மனிதர்களுக்குச் சொல்வதை நாய்க்கு வாரக்கணக்கில் சொல்ல வேண்டும். கடியின் அளவைக் கட்டுப்படுத்துவதையும் குட்டி இந்த வாரங்களில்தான் கற்கிறது. கூடப்பிறந்த குட்டியை வலிக்கக் கடித்தால் அது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் வலி என்ற பாடத்தை வேறு யாராலும் அவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது.

நம் ஊரில் குட்டி விற்கும் முறை இந்தப் பாடத்தை நடுவிலேயே கிழித்துவிடுகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. நடப்பில், முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகளே சாதாரணமாகக் கைமாறுகின்றன. குட்டி சின்னதாக இருந்தால்தான் வாங்குகிறவருக்கு ஆசை வரும், விற்கிறவருக்குத் தீனிச் செலவும் மிச்சம். வாங்கிய பிறகு, தடுப்பூசி முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்ற அறிவுரையை மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைத்து வைப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். சன்னல் மூடிய பிறகு குட்டி முதன்முதலாகத் தெருவைப் பார்க்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராட்வைலர் குட்டி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று தூக்கினார்கள். ஐந்தாறு மாதத்தில் அது முப்பது கிலோவாகி, துணியைக் கிழித்து, செருப்பைக் கடித்து, விருந்தாளியின் மேல் தாவ ஆரம்பித்ததும் மாடிப்படியின் கீழே சங்கிலி மாட்டப்பட்டது. அதன்பின் அதன் உலகம் நான்கடிச் சங்கிலியும், இரும்புக் கதவின் கம்பி இடுக்கில் தெரியும் கால்களும்தான். பால்காரர் வருவார், அது குரைக்கும், அவர் போய்விடுவார். கூரியர் பையன் வருவான், அது குரைக்கும், அவனும் போய்விடுவான். அவர்கள் தங்கள் வேலை முடிந்து போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்தது, தான் குரைத்ததால் அவர்கள் ஓடினார்கள் என்பது. ஒரு நாளைக்குப் பத்து முறை என்று இரண்டு ஆண்டுகள் இந்தப் பாடம் நடந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். நேரத்துக்குச் சோறு வைத்தார், ஊசி தவறாமல் போட்டார். ‘நல்ல காவல் நாய்’ என்று பெருமையும் பட்டார். அந்த நாயை யாரும் வதைக்கவில்லை. ஆனால் மனிதர்கள் என்றால் துரத்தப்பட வேண்டியவர்கள் என்று அதற்குத் தினமும் கற்றுக்கொடுத்தார்கள். மோசமான வளர்ப்பு என்றால் அடியும் பட்டினியும் மட்டும்தான் என்று நினைப்பதால் பலருக்குத் தங்கள் வீட்டில் நடப்பது அதுதான் என்பது தெரிவதில்லை.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. நாய் கடிப்பதற்கு முன் பல படிகளில் எச்சரிக்கிறது. சோறு தின்றுகொண்டிருக்கும் நாயின் கழுத்தை ஒரு குழந்தை பின்னாலிருந்து கட்டிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் மெல்லுவது நின்றுபோகும். தலை அந்தப் பக்கம் திரும்பும். நாக்கு ஒருமுறை மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். உடல் விறைக்கும். இத்தனையும் யாருக்கும் புரியாமல் போன பிறகுதான் உறுமல் வரும். உறுமியதும் பெரியவர்கள் ஓடிவந்து, பிள்ளையை நகர்த்துவதற்குப் பதில் நாயின் முகத்தில் ஓங்கி அடிக்கிறார்கள். நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது உறுமக் கூடாது என்பதை. அந்த அணைப்பு பிடிக்காமல் போனதை அது மறப்பதில்லை. அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். ‘எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல கடிகளுக்குப் பின்னால், அறிகுறி காட்டியதற்காக அடி வாங்கிய ஒரு நாய் இருக்கிறது. மேலை நாட்டு ஆய்வுகளின்படி அங்கே சிறுவர்கள் படும் கடிகளில் பெரும்பங்கு தெருவில் நடப்பதில்லை, வீட்டில், தெரிந்த நாயிடமே நடக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022இல் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவரைக் கடித்துக் கொன்றது அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல்தான்.

பிட்புல்லைப் பற்றி இரு தரப்பும் சாட்சிக்கு அழைக்கும் ஒரு நிகழ்வு உண்டு. 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் என்பவரின் சட்டவிரோத நாய்ச்சண்டைப் பண்ணையிலிருந்து சுமார் 50 பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. அதுவரை சண்டை நாய்கள் என்றால் கொன்றுவிடுவதே வழக்கம். இந்த முறை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவை உயிர் பிழைத்தன; பல வீடுகளுக்குப் போயின, ஓரிரண்டு நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்களாகக்கூட ஆயின. 22 நாய்கள் யூட்டா மாநிலத்துச் சரணாலயம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. சண்டைக்காகப் பிறந்த நாய்கள் எல்லாமே கொலைகாரர்கள் அல்ல என்று இது தெளிவாகக் காட்டியது. கூடவே இன்னொன்றையும் காட்டியது. பயிற்சியாளர்கள், வேலியிட்ட இடம், மாதங்கள், சில நாய்களுக்கு ஆண்டுகள் என்று அந்த மீட்பு நடந்தது. அந்த வசதிகளில் ஒன்றுகூட இல்லாத, இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில், காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் ஒருவர், பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காக இந்த நாயை வாங்கும்போது அவர் தன்மீதும் அண்டை வீட்டார்மீதும் சுமத்துவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டங்கள் என்ன சாதித்தன என்பதற்கு பிரிட்டன் நீண்ட சாட்சியம். 1991இல் சிறுமி ஒருத்தி பிட்புல்லால் கடிபட்டதைத் தொடர்ந்து அவசரமாக நிறைவேறிய ஆபத்தான நாய்கள் சட்டம், பிட்புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நாய்க்கடியால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் விகிதம் இங்கிலாந்தில் 1998க்கும் 2018க்கும் இடையே இருமடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பட்டியலில் இல்லாத, ஆனால் பிட்புல்லைவிடப் பெரிய எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகையைச் சந்தை உருவாக்கிக்கொண்டது. அதனால் மரணங்கள் தொடர்ந்ததும் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று 2008இல் கைவிட்டது. டென்மார்க்கில் 2010இல் 13 இனங்கள் தடை செய்யப்பட்டன. ஒடென்சே நகர மருத்துவமனைக்கு வந்த கடிகளைக் கணக்கிட்டபோது அந்தத் தடையால் குறைவு எதுவும் தெரியவில்லை. தடைகள் அபூர்வமான மரணங்களைக் குறைத்திருக்கலாம் என்று வாதிட இடமிருக்கிறது. அன்றாடக் கடிகளை அவை தொடவில்லை.

இதை வைத்து, பெரிய நாய்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்த பிறகு அப்படிச் சொல்வது மனசாட்சிக்கு ஒவ்வாதது. கடித்தால் உயிரே போகும் என்ற வாய்ப்புள்ள விலங்கை வைத்திருப்பவரிடம், கடித்தால் கட்டுப்போட்டுக்கொண்டு போகலாம் என்ற விலங்கை வைத்திருப்பவரிடம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேட்பது நியாயம். சைக்கிள் ஓட்ட உரிமம் வேண்டாம். லாரி ஓட்ட வேண்டும். கேட்க வேண்டியதை நாயின் பெயரிடம் கேட்பதா, வளர்ப்பவரின் திறமையிடம் கேட்பதா என்பதில்தான் என் கருத்து வேறுபாடு. பட்டியலை வைத்துப் பார்த்த அதே லோயர் சாக்சனி, பின்னர் அதைக் கைவிட்டு வேறு வழிக்குப் போனது. அங்கே 2013 முதல், முதன்முதலாக நாய் வளர்க்க விரும்பும் யாரும், எந்த இனமானாலும், எழுத்துத் தேர்விலும் நாயோடு செய்து காட்டும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். நாயின் உடல் சொல்லும் எச்சரிக்கைகளைப் படிக்கத் தெரிகிறதா, கூட்டமான இடத்தில் நாயைக் கட்டுப்படுத்தத் தெரிகிறதா என்பது அதில் பார்க்கப்படுகிறது.

இந்தியாவில் சட்டமே இல்லை என்பதும் சரியல்ல. தன்னிடமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இடமளிக்கிறது. நாயைச் சண்டைக்கு ஏவிவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. மூர்க்கமான தாயையும் தகப்பனையும் சேர்த்துக் குட்டிகளை விற்கும் ஒருவரைத் தடுத்தால், அந்த ஒரு மரபிலிருந்து வரவிருக்கும் பல ஆபத்துகளை மொத்தமாகத் தடுக்கலாம். நரிகள் நமக்குக் கற்றுத்தந்தது அதுதான். ஆனால் பெரும்பாலான குட்டிகள் இன்று வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து, பேருந்தின் லக்கேஜ் பெட்டியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படுகின்றன. தாய் எப்படிப்பட்டது என்று வாங்குகிறவர் பார்ப்பதே இல்லை.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்கும்போது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்கிறார்கள், அது அவசியமானதும்கூட. அந்த விண்ணப்பத்தோடு இன்னும் நான்கைந்து கேள்விகளைச் சேர்க்கலாம். குட்டியை எத்தனை வாரத்தில் வாங்கினீர்கள், தாயைப் பார்த்தீர்களா, கருத்தடை ஆயிற்றா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சங்கிலியில் இருக்கிறது, உங்கள் வீட்டில் அதை ஒற்றை ஆளாக இழுத்துப் பிடிக்கக்கூடியவர் யார்?